வானத்துக் கடிகாரமும் மலையடிச் சீட்டும்



நம் சங்கக் குடும்பங்களில் கார் வாங்குவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. முன்பெல்லாம் பொங்கல் நெருங்கினால், பாகாலா வழியாகக் காட்பாடி செல்லும் வண்டியில் இடம் கிடைக்குமா என்று கேட்டு அன்பர் பலர் நம் மேசைமுன் வந்து நிற்பர். இன்று அவர்களுள் பாதிப்பேர், "நாங்கள் காரிலேயே போய்விடுகிறோம்" என்று கையசைத்துச் செல்கின்றனர். ரயில்வே ஊழியத்தில் இருப்பவர் ஆதலின் நமக்கு இதில் மனக்குறை இருக்கும் என்று எண்ணவேண்டா. பிறந்த மண்ணை விட்டு வந்து சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய குடும்பங்கள் சொந்த வண்டியில் ஊர் திரும்புவது கண்டு மகிழ்பவரே நாம்.

ஆனால் அண்மையில் இளைஞர் ஒருவர் சொன்ன சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. "அண்ணா, வழியைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுகிறது. வேகத்தை வண்டியே பார்த்துக்கொள்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், ஊர் வந்துவிடும்" என்றார் அவர். வேடிக்கையாகச் சொன்னதுதான். எனினும், பெற்றோரையும் குழந்தைகளையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிச் செல்லும் ஒருவர் இதனை மெய்யென்றே நம்பிவிட்டால் விளைவு யாது? இத்திங்கள் நாம் ஆராயப் புகுவது அதனையே.

நம் வீட்டு வாயிலில் உள்ள ஒன்றிலிருந்து தொடங்குவோம். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையை அறியாதார் நம்முள் எவருமிலர். முதற்பாதை 1944-ஆம் ஆண்டில், இப்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில் திறக்கப்பட்டது. இரண்டாம் பாதை 1974-இல் அமைந்தது. இப்பொழுது வண்டிகள் புதுப்பாதையில் ஏறுகின்றன, பழம்பாதையில் இறங்குகின்றன. ஏறுபாதை ஏறக்குறைய 18 கிலோமீட்டர், இறங்குபாதை 19. இப்பாதைகளில் விபத்துகள் மிகுந்தமையால், தேவஸ்தானத்தார் ஒரு கால வரையறை வகுத்தனர். ஏறுவோர் 28 நிமிடத்திற்கு முன் மேலே போய்ச் சேர்தல் கூடாது. இறங்குவோர் 40 நிமிடத்திற்கு முன் அலிபிரியை அடைதல் கூடாது. புறப்படுமிடத்துச் சாவடியில் நேரம் குறிக்கப்படும். சேருமிடத்தில் அது சரிபார்க்கப்படும். முந்தி வந்தவர் தண்டம் கட்டவேண்டும்.

நாம் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தோம். 18 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடந்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். 19 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு இருபத்தெட்டரை. ஏறுவதற்கு மிகுந்த வேகமும் இறங்குவதற்குக் குறைந்த வேகமும் வகுத்தது ஏன் என்று புதிதாய் வருவோர் வினவுவதுண்டு. இறங்குவது எளிதன்றோ என்பது அவர்தம் எண்ணம். உண்மை நேர்மாறானது. திருமலைக்கும் அடிவாரத்திற்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வுயரத்திலிருந்து இறங்குகையில் அதனை ஈர்த்து நிறுத்த வேண்டிய ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறியே தீரவேண்டும். அவ்வெப்பத்தைக் கொண்டு முப்பது லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கலாம்! அந்த வெப்பம் எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால் அது எவ்வாறு தாங்கும்? ஆகையால்தான் அறிந்த ஓட்டுநர்கள் கீழ்க்கியரில் வண்டியை வைத்து, எஞ்சினே இழுத்துப் பிடிக்குமாறு செய்து, பிரேக்கை இடையிடையே மட்டும் தொடுகின்றனர். இறங்குபாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 36 என்பதையும் இதனோடு கூட்டிக்கொள்க. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பாதையில் மின்சாரப் பேருந்து ஒன்று கவிழ்ந்து பக்தர் சிலர் காயமுற்றதை அன்பர்கள் மறந்திரார்.

இம்முறையை எள்ளி நகையாடுவோரும் உளர். "வேகமாக ஏறிவிட்டுச் சாவடிக்கு முன்னே ஒதுங்கிப் பத்து நிமிடம் நின்றால் யார் கேட்பது?" என்பர். கேட்பார் இல்லைதான். இம்முறை சராசரி வேகத்தை அளக்குமேயன்றி ஒவ்வொரு வளைவிலும் நின்று அளவாது. ஆயினும் நாம் இதன் பக்கமே நிற்கின்றோம். முந்திச் சென்றாலும் பயனில்லை என்று தெரிந்தபின் முந்துவதற்கு மனம் எழுவதில்லை. பின்னால் வருபவன் ஹாரன் அடித்து நெருக்குவதும் குறைகின்றது; அவனுக்கும் அதே 28 நிமிடம்தானே? செலவில்லாத ஒரு கடிகாரம் இவ்வளவு அடக்கத்தை ஓட்டுநரிடம் உண்டாக்கிவிட்டது.

இனி வானத்தை நோக்குவோம். அலிபிரியில் நடப்பது என்ன? தூரம் தெரியும், இரு நேரங்களின் வேற்றுமையைக் கண்டு வேகத்தை அறிகின்றனர். செயற்கைக்கோள் வழிகாட்டியில் நடப்பது இதன் மறுதலை. அங்கே வேகம் தெரியும்; ஏனெனில் வானொலி அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. கோள் ஒன்று, "இப்பொழுது மணி இத்தனை" என்று இடையறாது கூவிக்கொண்டே இருக்கின்றது. அக்குரல் நம் கைப்பேசியை அடைவதற்குள் சிறு தாமதம் நேர்கின்றது. தாமதத்தைக் கொண்டு அக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கைப்பேசி கணக்கிடுகின்றது. இவ்வாறு பல கோள்களின் தொலைவை அறிந்தால் நாம் நிற்குமிடம் புலனாகிவிடும். இடத்தை அறிய மூன்று கோள்கள் போதுமே, நான்கு வேண்டும் என்பது ஏன் என்று பள்ளி மாணவர் கேட்கக்கூடும். கைப்பேசியிலுள்ள கடிகாரம் மட்டமானது. அதன் பிழையைத் திருத்திக்கொள்ளவே நான்காவது.

கடிகாரம் எவ்வளவு செம்மையாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொன்னால் வியப்பீர்கள். ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைத்துவிடும். ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலும் 'சரியான நேரம்' என்று பதிந்துகொள்ளும் நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்க்கு இது வேறோர் உலகம்! ஆகவேதான் கோள்களில் அணுக்கடிகாரம் வைக்கின்றனர்.

அமெரிக்க நாட்டார் ஜி.பி.எஸ். என்ற பெயரில் இம்முறையை முதலில் தம் படைக்காக அமைத்தனர். பொதுமக்கட்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அக்கலப்பை நிறுத்தினர். பிறர் கையிலுள்ள விளக்கை நம்பி எத்தனை நாள் நடப்பது என்று எண்ணிய நம் நாட்டார், 'நாவிக்' என்னும் தனி அமைப்பை உருவாக்கினர். அதன் கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சூலூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனோடு சேர்க்கப்பட்டதால், இப்பெருமையில் நமக்கும் ஒரு பங்கு வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். முதற்கோள் 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் எழுந்தது. ஏழாவது கோள் 2016 ஏப்ரல் 28-இல் எழுந்தபோது நாவிக் என்ற பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் இடர்களும் உண்டு. முதற்கோளில் வைத்த அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றன. கோள் வானத்தில் நலமாகவே சுற்றியது. ஆனால் மணி தெரியாத கோள் வழிகாட்டுதற்கு உதவுமா? மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் மேலுறை பிரியாமையால் உள்ளேயே சிக்குண்டது. பின்னர் 2018 ஏப்ரலில் வேறொன்று அனுப்பினர். 2023 மே மாதத்தில் சென்ற கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இடம் பெற்றது; நாம் மிகவும் பாராட்டுவது அதனையே. 2025 ஜனவரி 29-இல், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகச் சென்ற அடுத்த கோள், ஆக்சிஜனேற்றிக் குழாயின் அடைப்பிதழ் திறவாமையால் உரிய சுற்றுப்பாதையை எய்தவில்லை. இவற்றை எடுத்துக் கூறுவது குறை காண்பதற்கன்று. வானத்திலிருந்து வரும் குரல் தெய்வக்குரல் அன்று. அதன்பின்னும் மனிதர் உழைப்பும் இடையூறும் உள என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கே.

மற்றோர் இடையூறு நம் சாலையோரத்திலேயே ஆராயப்படுகின்றது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் காதங்கியைக் கடக்கும்போது பலரும் சுங்கச்சாவடியைத்தான் நினைப்பர். அவ்வூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. பெரியதொரு ராடார் கொண்டு அங்கே வானத்து அடுக்குகளை அளக்கின்றனர். நிலத்திற்குமேல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உண்டு. கோள்களின் குரல் அதனூடே புகுந்துதான் வரவேண்டும். வரும்போது சிறிது தாமதிக்கின்றது. நம் பகுதி நிலநடுக்கோட்டிற்கு அணித்தாதலின் அவ்வடுக்கு இங்கே அமைதியாக இருப்பதில்லை. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் கதிரவன் மறைந்தபின் அதில் குமிழிகள் போன்ற குலைவுகள் எழுகின்றன. விண்மீன் மினுமினுப்பது போலக் கோள்களின் குரலும் தடுமாறுகின்றது. காரோட்டுவோர் இதனைப் பெரும்பாலும் உணரார். ஆனால் விமானம் இறக்குவோர்க்கு இது பெருங்கவலை. மலை மறைவிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் நேரும் பிழை காரோட்டிக்கு இன்னும் அணுக்கமானது. அங்கே சில கோள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வேறு சிலவற்றின் குரல் பாறையில் மோதி எதிரொலித்து வரும். மேம்பாலத்தின்மேல் செல்லும் வண்டியைக் கீழ்ச்சாலையில் செல்வதாகக் கைப்பேசி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரும்பிழை வானத்தில் இல்லை, வரைபடத்தில் உள்ளது. கோள் கூறுவது "நீ இங்கே நிற்கிறாய்" என்பது மட்டுமே. "இவ்வழியே போ" என்று கூறுவது யாரோ எழுதிய வரைபடம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே மூவர் சென்ற கார், ராமகங்கை ஆற்றின்மேல் முற்றுப்பெறாதிருந்த பாலத்திலிருந்து வீழ்ந்து மூவரும் மாண்டனர். கைப்பேசி காட்டிய வழியிலேயே அவர்கள் சென்றனர் என்று செய்திகள் கூறின. அவ்விடத்தில் கோள் பிழை செய்யவில்லை. பாலத்தின் மறுபாதி இல்லை என்பதை வரைபடத்திற்கு எவரும் சொல்லவில்லை. பாலத்தின் வாயிலில் தக்க தடுப்பும் இல்லை.

வேகத்தைக் காக்கும் கருவிகளைப் பற்றி இனிச் சொல்வோம். இயந்திரம் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் எண்ணம் புதியதன்று. நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788-இல் அமைத்த சுழல்குண்டுக் கருவி அத்தகையதே. காரில் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டவர் ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், இளமையிலேயே கண்ணிழந்தவர். பேசிக்கொண்டே காரோட்டும் வழக்கமுடைய நண்பர் ஒருவர், பேசும்போது வேகத்தைக் குறைப்பதும் கேட்கும்போது கூட்டுவதுமாக இருந்தது கண்டு மனம் சலித்து அவர் இதில் முனைந்தார் என்பர். 1950-இல் அவர் உரிமம் பெற்றார். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அது இடம் பெற்றது. பார்வையில்லாத ஒருவரே வண்டியின் நடையை அனைவரினும் நுட்பமாக உணர்ந்தார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகின்றது.

ஆனால் எளிய க்ரூஸ் கண்ட்ரோல் அறிந்தது ஒன்றே. எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கூட்டுவதும் குறைப்பதும். இறக்கத்தில் எரிபொருளை முற்றும் நிறுத்தினாலும் வண்டி தன் எடையால் வேகம் கொள்ளும். அதனை அக்கருவி பிடித்து நிறுத்தாது. விலையுயர்ந்த கார்களில் உள்ளது வேறு வகை. முன்செல்லும் வண்டியை ராடாரால் கண்டு, அதற்கேற்பப் பிரேக்கும் போடும். நேரான சாலையில் அது மிக நன்று. வளைவில் முன்வண்டி திரும்பிவிட்டால், ராடாரின் பார்வையிலிருந்து அது நழுவும். "பாதை காலி" என்று எண்ணிய கருவி, முன்பு குறித்த வேகத்தை நோக்கி மீண்டும் விரையும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழையில் நீர் தேங்கிய சாலையிலும் இக்கருவியை நிறுத்தி வைப்பதே முறை. சக்கரம் நீர்மேல் மிதந்து பிடி இழக்கும் அக்கணத்தில் வேண்டியது, காலை மெல்லத் தளர்த்தி உணரும் மனிதன்.

நம் நாட்டுச் சட்டமும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 2015 அக்டோபர் முதல் புதிய வாடகை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் வரவேண்டும் என்று விதி செய்தனர். பள்ளிப் பேருந்துகட்கும் டாங்கர் லாரிகட்கும் எல்லை 60. சொந்தக் கார்களைப் பொறுத்தவரை, 2019 ஜூலை முதல் புதிய வண்டிகளில் 80-ஐக் கடந்தால் இடையிடையே மணி ஒலிக்கும். 120-ஐக் கடந்தால் ஓயாமல் ஒலிக்கும். ஒலிக்குமேயன்றித் தடுக்காது. அவ்வொலியை அடக்கும் வழி தேடி மெக்கானிக்கிடம் செல்வோர் இருப்பதையும் நாம் அறிவோம். அவர்கட்கு நாம் கூறுவது ஒன்றுமில்லை, அவர்தம் மனைவியர் கூறட்டும்.

ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் வேகத் துணைக்கருவி இருத்தல் வேண்டும். கேமரா சாலையோரப் பலகையைப் படிக்கும்; செயற்கைக்கோளும் வரைபடமும் அச்சாலையின் எல்லையைச் சொல்லும்; ஓட்டுநர் மிஞ்சினால் எச்சரிக்கும் அல்லது ஆக்சிலரேட்டரை எதிர்த்துத் தள்ளும். ஆயினும் ஓட்டுநர் விரும்பினால் அதனை மீறலாம் என்றே விதி செய்துள்ளனர். இறுதிப் பொறுப்பை மனிதனிடமிருந்து எடுத்துவிட அவர்களும் துணியவில்லை. நம் ஊர்ச் சாலைகளில் இக்கேமரா படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். '40' என்னும் பலகையின் பாதியைப் புளியங்கிளை மறைத்திருக்கும். மீதியைத் தலைவர் ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து மறைத்திருக்கும்!

நம் தொழிலோடு ஒப்பிட்டுச் சொன்னால் கருத்து விளங்கும். ரயில் ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும், தாம் அறியாத பகுதியில் தனியே வண்டியை எடுத்துச் செல்லல் இயலாது. அப்பகுதியில் முன்னரே பலமுறை சென்று, எங்கே வளைவு, எங்கே இறக்கம், எந்தக் கைகாட்டி எந்தப் பாறைக்குப் பின்னே தோன்றும் என்று பழகியாக வேண்டும். இதனைப் 'பாதை கற்றல்' என்பது வழக்கம். கற்ற பின்னும் ஒவ்வொரு பயணத்திலும் 'காஷன் ஆர்டர்' என்னும் எச்சரிக்கைச் சீட்டு அவர் கையில் தரப்படும். இன்ன கிலோமீட்டரில் பாலத்தில் வேலை நடக்கிறது, மணிக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் செல்லற்க என்று அதில் எழுதியிருக்கும். தருபவர் கையொப்பமிடுவார், பெறுபவரும் ஒப்பமிடுவார். பிழை நேர்ந்தால் எவர் எழுதினார், எவர் பெற்றார் என்பது தெரியும்.

இப்பொழுது ரயில்களில் 'கவச்' என்னும் தானியங்கிக் காப்பு முறை பரவி வருகின்றது. ஓட்டுநர் வேகத்தை மிஞ்சினாலோ சிவப்பு விளக்கைக் கடக்க முற்பட்டாலோ அதுவே பிரேக் போடும். ரயில் எங்கே உள்ளது என்பதை அது எவ்வாறு அறிகின்றது தெரியுமா? செயற்கைக்கோளை நம்பி அன்று. தண்டவாளத்துக் கட்டைகளில் பதித்த சிறு அடையாளத் தகடுகளை எஞ்சின் படித்துச் செல்கின்றது. அருகருகே இரு தடங்கள் ஓடுமிடத்தில் எந்தத் தடத்தில் வண்டி உள்ளது என்பதில் ஐயம் இருத்தல் ஆகாது. கோளின் கடிகாரத்தை நேரம் ஒத்துப் பார்ப்பதற்குக் கொள்கின்றனர். பயணிகட்கு வண்டி எங்கே வருகிறது என்று அறிவிப்பதற்கும் எஞ்சின்களில் கோள்வழிக் கருவி பொருத்தியுள்ளனர். நிலையத்தில் காத்திருப்பவர்க்குச் செய்தி சொல்லக் கோள் போதும்; உயிரைக் காக்கும் இடத்தில் மண்ணில் பதித்த தகடும், இடத்தை அறிந்து எழுதிய எல்லையும் வேண்டும். இப்பாகுபாடு நம் வீட்டுக் கார்களுக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து.

காரில் செல்லும் நம் பிள்ளைகட்குப் பாதை கற்றலும் இல்லை. எச்சரிக்கைச் சீட்டும் இல்லை. புதிய கார் வாங்கிய இரண்டாம் வாரம், இதற்குமுன் பேருந்தில் உறங்கியபடியே கடந்த சாலையில், இரவு பதினொரு மணிக்கு, கைப்பேசியின் குரலை நம்பி இறங்குகின்றனர். திருப்பதியிலிருந்து பீலேர் செல்லும் வழியில் உள்ள பாகராப்பேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச் இறுதியில், நிச்சயதார்த்தத்திற்கு வந்த குடும்பத்தார் சென்ற பேருந்து இரவில் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில் மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரியும் மோதிப் பல உயிர்கள் போயின. இவ்விரு பாதைகளும் நம் அன்பர்கள் அடிக்கடி செல்பவை. வரைபடத்தில் அவை மற்றச் சாலைகளைப் போலவே ஒரு நீலக்கோடாகத்தான் தெரியும். அக்கோட்டில் இறக்கம் இல்லை. மார்கழிப் பனி இல்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்விளக்கு எரியவில்லை என்பது இல்லை. சேரும் நேரம் மட்டும் பெரிய எழுத்தில் ஒளிர்கின்றது. நான்கு நிமிடம் மிச்சம் என்று குறுக்குவழியைக் காட்டும்; அவ்வழி எத்தகையது என்று காட்டாது. அலிபிரிச் சாவடி, "இதற்கு முன் வராதே" என்கிறது. கைப்பேசியோ, "இதற்குள் போய்விடலாம்" என்கிறது. இரண்டும் கடிகாரங்களே. ஒன்றை வகுத்தவர் அம்மலையை அறிந்தவர்; மற்றது பெரும்பாலும், இதற்குமுன் சென்ற வண்டிகளின் வேகத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்வது.

கருவிகளை வீசியெறிக என்பது நம் கருத்தன்று. அறியாத நகரத்தில் மருத்துவமனைக்கு வழி தேடும்போது கைப்பேசியைப் போன்ற துணை வேறில்லை. மனமும் காலும் களைத்துப்போகும் நெடுஞ்சாலையில் க்ரூஸ் கண்ட்ரோல் நன்மையே செய்யும். காரின் முள் காட்டும் வேகத்திற்கும் கைப்பேசி காட்டும் வேகத்திற்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் வேற்றுமை காண்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். கார் செய்வோர் முள்ளைச் சற்று மிகுத்தே காட்டும்படி அமைக்கின்றனர். உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டுதல் விதிக்கு மாறு. நேரான திறந்த சாலையில் கோள்வழிக் கணக்கே உண்மைக்கு நெருங்கியது. ஆனால் அபராதத்திற்கு அஞ்சுவோர் முள்ளையே நம்பி ஓட்டுவது நலம்.

எனினும் இரண்டைக் கேட்டுக்கொள்கின்றோம். முதல் முறை ஒரு மலைப்பாதையில் செல்வோர் பகலில் செல்க. முன்பே சென்ற ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வருக. அதுவே நமக்குப் பாதை கற்றல். மலையடியை அடைந்ததும் க்ரூஸ் கண்ட்ரோலை நிறுத்துவதை ஒரு வழக்கமாகவே கொள்க. அதனை நினைவூட்டும் பொறுப்பைப் பின்னிருக்கையில் உள்ள சிறுவரிடம் விடலாம். கண்டிப்பில் அவர்களை மிஞ்சிய அதிகாரி இல்லை.

மற்றொன்று நாமே செய்யக்கூடியது. சித்தூர்க்கும் காட்பாடிக்கும் இடையே, திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியே, சித்தூரிலிருந்து பலமனேர் வழியே பெங்களூர்க்கு, பீலேர் வழியே மதனப்பள்ளிக்கு என்று நம்மவர் ஓயாமல் சென்று வருகின்றனர். எங்கே பாலத்தில் வேலை நடக்கிறது, எங்கே திருப்பி விடுகின்றனர், எங்கே வேகத்தடை வண்ணம் பூசாமல் கிடக்கிறது, எந்தக் குறுக்குவழியைக் கைப்பேசி தவறாகக் காட்டுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர் எழுதியனுப்பினால், பொங்கல் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிட ஆசிரியர் இசைந்துள்ளார். கேள்விப்பட்டதை எழுதவேண்டா, கண்டதை மட்டும், கண்ட நாளோடும் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணோடும் எழுதுக. கடிதத்தில் எழுதுபவர் கையொப்பம் இருத்தல் வேண்டும். மார்கழி 15-க்குள் சங்க அலுவலகத்திற்கு வந்து சேருமாறு அனுப்புக. உறையின்மேல் 'பாதைக் குறிப்பு' என்று குறிக்க.